கிளை அலுவலக ஐபி போன் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைமை அலுவலகம் கோயம்புத்தூரில் இருக்கிறது. அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் பிபிஎக்ஸ் அங்கே, வெளி அழைப்புகளுக்கான எஸ்ஐபி ட்ரங்க்கும் (தொலைபேசி நிறுவனம் ஐபி வழியாகத் தரும் லைன்) அங்கே. வால்பாறை, கூடலூர், ராமநாதபுரம் கிளைகளில் மேசைக்கு ஒரு ஐபி போன், அந்தந்த ஊரில் கிடைக்கிற பிராட்பேண்டில் ஓடுகிறது. இப்படி ஓர் அமைப்பைப் பார்த்துக்கொள்கிறவர்களும், கிளையில் உட்கார்ந்து அந்தப் போனோடு மல்லுக்கட்டுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிபிஎக்ஸில் ஓடுவது ஆஸ்டரிஸ்க் அல்லது ஃப்ரீபிபிஎக்ஸ் மென்பொருள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது வேறு பெட்டி என்றாலும் காரணங்கள் அதேதான், மெனுவில் இருக்கும் பெயர்கள்தான் மாறும்.

கிளையிலிருந்து "போன் வேலை செய்யல" என்று மட்டும் சொல்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

கேள்வி கேட்பதில் ஆரம்பியுங்கள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வதில் வேண்டாம், ஏனென்றால் அணைத்துப் போட்டால் சில சமயம் சரியாகிவிடும், ஆனால் எதனால் கெட்டது என்கிற தடயமும் அதோடு போய்விடும், மறுநாள் அதே புகார் அதே வார்த்தைகளில் வரும்.

கேட்க வேண்டியது கொஞ்சம்தான். ஒரு போனா, எல்லாப் போன்களுமா? உள்ளே வரும் அழைப்பா, வெளியே போவதா? கேட்கவில்லை என்றால் யாருக்கு யார் பேசுவது கேட்கவில்லை? பாதியில் கட் ஆகிறது என்றால் எத்தனை நேரம் பேசிய பிறகு? ஒரு நாளில் எந்த மணிக்கு? போன் திரையில் எக்ஸ்டென்ஷன் எண் தெரிகிறதா, அல்லது பதிவு ஆகவில்லை என்று காட்டுகிறதா?

கிளையில் பேசுகிறவர் கேஷியராகவோ ஸ்டோர் கீப்பராகவோ இருப்பார், அவருக்கு நெட்வொர்க் தெரியாது. ஆனால் "எப்பப் பார்த்தாலும் அரை நிமிஷத்துல கட் ஆகுது சார்" என்று அவர் சொல்கிற ஒரு வரியில் பாதி வேலை முடிந்துவிடும். 32 விநாடியில் கட் ஆவதற்கு ஒரு காரணம், 15 நிமிடத்தில் கட் ஆவதற்கு வேறு காரணம், காலை 11 மணிக்கு மேல் மட்டும் குரல் உடைவதற்கு இன்னொரு காரணம். ஐபி போனில் கோளாறு எந்தத் திசையில், எந்த நேரத்தில் என்பதே பாதி நோயறிதல். அதனால் அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.

மணி அடிக்கிறது, எடுக்கிறோம். நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. ஏன்?

கிளைகளிலிருந்து வரும் புகார்களில் இதுதான் அதிகம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு அழைப்பில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது எல்லாம் எஸ்ஐபி, வழக்கமாக யூடிபி 5060 போர்ட்டில். குரல் போவது ஆர்டிபி, அது வேறு போர்ட்டுகளில். ஆஸ்டரிஸ்க்கில் இயல்பாக 10000 முதல் 20000 வரை. மணி அடித்தது என்றால் எஸ்ஐபி சரியாக இருக்கிறது என்று மட்டும் அர்த்தம், குரல் போகும் பாதையைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது.

கிளையின் போன் அழைக்கும்போது, "எனக்குக் குரலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று தன் முகவரியை எஸ்ஐபி செய்திக்குள் எழுதி அனுப்புகிறது. போனுக்குத் தெரிந்த முகவரி ரவுட்டர் கொடுத்த 192.168.1.25 மாதிரி ஒன்றுதான். கோயம்புத்தூரில் இருக்கும் பிபிஎக்ஸ் அதை அப்படியே நம்பி 192.168.1.25க்குக் குரலை அனுப்பினால் அது எங்கேயும் போய்ச் சேராது. கிளையிலிருந்து போகும் குரல் மட்டும் போய்ச் சேர்கிறது, ஏனென்றால் அது பிபிஎக்ஸின் உண்மையான முகவரிக்குப் போகிறது. ஒருபக்கக் குரல் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது.

பிபிஎக்ஸ் பக்கத்தில் பார்க்க வேண்டியவை: வெளி ஐபி முகவரி சரியாகக் கொடுத்திருக்கிறதா, உள்ளூர் நெட்வொர்க்குகள் எவை என்று பட்டியலில் இருக்கிறதா, அந்த எக்ஸ்டென்ஷனுக்கு ஆர்டிபி சிமெட்ரிக், ஃபோர்ஸ் ஆர்போர்ட், ரீரைட் காண்டாக்ட் மூன்றும் ஆன் ஆகியிருக்கிறதா, டைரக்ட் மீடியா ஆஃப் ஆகியிருக்கிறதா. டைரக்ட் மீடியாவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது ஆனில் இருந்தால் பிபிஎக்ஸ் நடுவிலிருந்து விலகிக்கொண்டு இரண்டு போன்களையும் நேராகப் பேசிக்கொள்ளச் சொல்லும். கூடலூர் போனும் ராமநாதபுரம் போனும் இரண்டு வெவ்வேறு ரவுட்டர்களுக்குப் பின்னால் இருந்துகொண்டு நேராகப் பேச முடியாது. தலைமை அலுவலகத்துக்கு அழைத்தால் நன்றாகக் கேட்கிறது, கிளைக்குக் கிளை அழைத்தால்தான் ஊமையாகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம் ஃபயர்வால். 5060ஐ மட்டும் திறந்துவிட்டு ஆர்டிபி வரிசையை மறந்திருப்பார்கள், அல்லது ஆர்டிபி வரிசையை பிபிஎக்ஸில் மாற்றிவிட்டு ஃபயர்வாலில் பழையதையே விட்டிருப்பார்கள்.

இரண்டு இன்டர்நெட் இணைப்பு உள்ள கிளை என்றால் இன்னொன்றும் உண்டு. ரவுட்டர் சுமையைப் பங்கு போடும்போது எஸ்ஐபியை ஒரு இணைப்பிலும் ஆர்டிபியை இன்னொன்றிலும் அனுப்பிவிடும். குரல் வேறு முகவரியிலிருந்து வருவதால் மறுபக்கம் அதை நிராகரிக்கும். பத்தில் ஏழு அழைப்பு நன்றாக இருக்கிறது, மூன்றில் கேட்கவில்லை என்கிற மாதிரி ஒழுங்கில்லாமல் வந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். பிபிஎக்ஸ் முகவரிக்குப் போகும் எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் போகும்படி ரவுட்டரில் ஒரு விதி எழுதுங்கள், போதும்.

எஸ்ஐபி ஏஎல்ஜியை அணைக்கச் சொல்கிறார்களே, அது என்ன?

மேலே சொன்ன உள்முகவரிச் சிக்கலைத் தீர்ப்பதற்காக ரவுட்டருக்குள் வைத்த ஒரு வசதி. எஸ்ஐபி செய்தியைப் பிரித்து, உள்ளே இருக்கும் முகவரியை மாற்றி எழுதி அனுப்பும். சிக்கல் என்னவென்றால், மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் அது அரைகுறையாகத்தான் எழுதும். ஓரிடத்தில் மாற்றும், இன்னோரிடத்தில் விட்டுவிடும். இன்றைய பிபிஎக்ஸுகள் இந்த வேலையைத் தாங்களே நன்றாகச் செய்கின்றன, இரண்டு பேரும் செய்யப் போனால் கெட்டுவிடும். அணைத்துவிடுங்கள்.

மைக்ரோடிக் ரவுட்டரில் ஐபி, ஃபயர்வால், சர்வீஸ் போர்ட்ஸ் என்று போனால் எஸ்ஐபி வரி இருக்கும், டிசேபிள் செய்யுங்கள். இணைப்பு தந்தவர் வைத்துப்போன பைபர் மோடத்தில் அந்த மெனுவே தெரியாமல் பூட்டியிருந்தால் இரண்டு வழி உண்டு. மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லி உங்கள் ரவுட்டரை அதன் பின்னால் வைப்பது ஒன்று. இல்லையென்றால் எஸ்ஐபியை டிஎல்எஸ்ஸுக்கு மாற்றி 5061 போர்ட்டில் ஓட்டுவது. மறையாக்கம் செய்த செய்தியை ஏஎல்ஜியால் படிக்கவும் முடியாது, கெடுக்கவும் முடியாது. ஒன்று மட்டும் கவனம்: டிஎல்எஸ் வைத்தால் போனில் தேதி, மணி சரியாக இருக்க வேண்டும். மின்சாரம் போய் வந்ததும் போனின் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விட்டு, நேரம் வாங்கும் சர்வரையும் எட்ட முடியாவிட்டால், சான்றிதழ் செல்லாது என்று சொல்லிப் பதிவாக மறுக்கும்.

அழைப்பு சரியாக அரை நிமிடத்தில் கட் ஆகிறது.

கடிகாரத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 32 விநாடி என்றுதான் வரும். அழைக்கப்பட்டவர் போனை எடுத்ததும் "எடுத்தாச்சு" என்கிற 200 ஓகே செய்தி போகிறது. அதற்கு மறுமொழியாக "சரி, தெரிந்தது" என்கிற ஆக் செய்தி திரும்பி வர வேண்டும். வராவிட்டால் 200 ஓகேயைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு, அரை விநாடியின் 64 மடங்கு நேரம், அதாவது 32 விநாடி காத்திருந்து, அழைப்பைத் துண்டித்துவிடும். எஸ்ஐபியின் விதியே இப்படி, 2002இல் வந்த ஆர்எஃப்சி 3261 என்கிற விதி ஆவணத்தில் இருக்கிறது.

ஆக, குரல் இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கட் ஆனால் ஆக் செய்தி வழியில் தொலைகிறது. காரணம் மறுபடியும் தவறான முகவரிதான்: ஏஎல்ஜி, அல்லது பிபிஎக்ஸில் வெளி ஐபி மாறியிருப்பது. இன்டர்நெட் தருபவர் நிலையான ஐபி தருவதாகச் சொல்லி, ஒருநாள் ரவுட்டர் அணைந்து எழுந்ததும் வேறு ஐபி வந்திருக்கும். யாருக்கும் தெரியாது, மற்ற வேலைகள் எல்லாம் ஓடும், போன் மட்டும் 32 விநாடிக்கு மேல் நிற்காது.

15 நிமிடத்தில் கட் ஆகிறதே?

அது செஷன் டைமர். நீண்ட அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று நடுவில் ஒருமுறை விசாரிக்கும் ஏற்பாடு. வழக்கமான அளவு 1800 விநாடி, அதில் பாதியில், அதாவது 15ஆவது நிமிடத்தில், புதுப்பிக்கும் செய்தி போகும். அந்தச் செய்தி ஃபயர்வாலில் அடிபட்டாலோ, ட்ரங்க் பக்கம் அதைப் புரிந்துகொள்ளாமல் பிழைச் செய்தி அனுப்பினாலோ அழைப்பு போய்விடும். டைமரை ஆஃப் செய்து ஒரு நீண்ட அழைப்பு போட்டுப் பாருங்கள். கட் ஆகாமல் நின்றால் காரணம் உறுதி. அதன்பிறகு ட்ரங்க் தருபவரிடம் எந்த அளவு வைக்க வேண்டும் என்று கேட்டு வையுங்கள், டைமரை நிரந்தரமாக ஆஃபில் விட்டால் செத்த அழைப்புகள் சேனலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

100 எம்பி பைபர் போட்டிருக்கிறோம், ஸ்பீடு டெஸ்ட்டும் நன்றாக வருகிறது. ஆனாலும் காலை 11 மணிக்கு மேல் குரல் விட்டு விட்டு வருகிறது.

குரலுக்கு வேகம் அதிகம் தேவையில்லை. ஜி.711 கோடெக்கில் (குரலை எண்ணாக மாற்றும் முறை) ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் ஏறத்தாழ 87 கிலோபிட், ஜி.729இல் 31 கிலோபிட் அளவில்தான். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். குரலுக்கு வேண்டியது ஒழுங்கு. விநாடிக்கு 50 பாக்கெட்டுகள், 20 மில்லிசெகண்டுக்கு ஒன்று, அந்த இடைவெளி குலையாமல் போய்ச் சேர வேண்டும்.

ஸ்பீடு டெஸ்ட் காட்டும் பெரிய எண் டவுன்லோடு. கிளையில் பேசுகிறவரின் குரல் போவது அப்லோடில். அந்த அப்லோடை அடைப்பது யார் என்று பாருங்கள். நான் எப்போதும் முதலில் கேட்பது சிசிடிவியைத்தான். எட்டுக் கேமராக்கள், ஒவ்வொன்றும் 2 மெகாபிட், தலைமை அலுவலகத்தில் ஒருவர் எல்லாவற்றையும் ஒரே திரையில் திறந்துவைத்தால் 16 மெகாபிட் கிளையின் அப்லோடிலிருந்து போகிறது. மேலே டேலி பேக்கப், கூகுள் டிரைவ் சிங்க், வாட்ஸ்அப்பில் போகும் வீடியோக்கள்.

அடைத்தால் பாக்கெட் உடனே தொலைந்துபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒன்று நடக்கிறது: மோடம் அவற்றை வரிசையில் நிறுத்திவைக்கும். 10 மெகாபிட் அப்லோடில் 1 மெகாபைட் வரிசை சேர்ந்துவிட்டால், அந்த வரிசையின் கடைசியில் நிற்கும் குரல் பாக்கெட் வெளியே போக 0.8 விநாடி ஆகும். அவ்வளவு தாமதத்தில் எந்தப் போனாலும் பேச்சை ஒட்டவைக்க முடியாது. மளிகைக் கடை வரிசையில் ஒரே ஒரு சோப்பு வாங்க வந்தவரும் மூட்டை வாங்குபவருக்குப் பின்னால் நிற்பது மாதிரிதான்.

தீர்வு, வரிசையை மோடத்தில் சேர விடாமல் உங்கள் ரவுட்டரிலேயே கட்டுப்படுத்துவது. இணைப்பின் உண்மையான அப்லோடு அளவை அளந்து, அதில் 85 முதல் 90 சதவீதத்தை ரவுட்டரில் உச்சவரம்பாக வையுங்கள், அதற்குள் குரலுக்கு முதல் இடம் கொடுங்கள். ரவுட்டர்ஓஎஸ் 7 (மைக்ரோடிக்கின் மென்பொருள்), ஓபன்டபிள்யூஆர்டி ஆகியவற்றில் கேக், எஃப்க்யூ கோடெல் என்கிற வரிசை முறைகள் இருக்கின்றன, அவை இந்த வேலையைப் பெரும்பாலும் தானாகவே செய்துவிடும். பத்து சதவீத வேகம் போகிறதே என்று நிர்வாகத்தில் கேட்பார்கள். போகட்டும், அதை விட்டுக்கொடுத்தால்தான் வரிசை நம் கையில் இருக்கும். சிசிடிவிக்குத் தனி வரம்பு வையுங்கள், பேக்கப்பை இரவுக்குத் தள்ளுங்கள். வேறு எதையும் தொடாமல் இதை மட்டும் செய்தாலே அநேகக் கிளைகளில் குரல் தெளிந்துவிடும்.

போன்களில் டிஎஸ்சிபி 46 என்று வைத்தால் போதாதா?

அந்தக் குறி, "இது குரல், அவசரம்" என்று பாக்கெட்டின் மேல் ஒட்டும் சீட்டு. உங்கள் ஸ்விட்சும் ரவுட்டரும் அதை மதிக்கும்படி அமைத்தால் கிளைக்குள் பயன் உண்டு. சாதாரண பிராட்பேண்டில் வெளியே போனதும் அதை யாரும் மதிப்பதில்லை. அதை மதிக்க வேண்டும் என்றால் எம்பிஎல்எஸ் மாதிரி ஒப்பந்தத்தோடு வரும் இணைப்பு வேண்டும்.

பிங் போட்டால் 15 மில்லிசெகண்டுதான் வருகிறது, குரல் மட்டும் மோசம். எப்படி?

நாலு பிங் போட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சராசரி நன்றாக இருந்தாலும் இடையிடையே ஏறி இறங்குவதுதான் காதுக்குத் தெரியும். பத்து நிமிடம், கோளாறு வரும் அதே நேரத்தில் ஓட விடுங்கள், பாதையில் ஒவ்வொரு இடத்திலும் தாமதத்தையும் இழப்பையும் காட்டும் எம்டிஆர் கருவி இருந்தால் இன்னும் நல்லது. ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. ஜிட்டர் (பாக்கெட்டுகள் வரும் இடைவெளியின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிசெகண்டுக்குள், பாக்கெட் இழப்பு ஒரு சதவீதத்துக்குள் என்பது துறையில் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. தமிழ்நாட்டுக்குள் பாக்கெட் சென்னை போய்த் திரும்பினாலும் தாமதம் ஒரு பிரச்சினையே இல்லை. ஜிட்டரும் இழப்பும்தான் பிரச்சினை.

உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் பிபிஎக்ஸில் ஒரு அழைப்பைப் பாக்கெட்டாகப் பிடித்து வயர்ஷார்க் என்கிற கருவியில் திறந்து ஆர்டிபி ஸ்ட்ரீம் பகுதியைப் பாருங்கள். கிளையிலிருந்து வந்த குரலில் இழப்பு இருக்கிறதா, ட்ரங்க் பக்கத்திலிருந்து வந்ததில் இருக்கிறதா என்று தனித்தனியாகக் காட்டும். அதன்பிறகு யாரோடும் வாதம் செய்ய வேண்டியதில்லை.

அப்படியே கிளைக்குள்ளும் பாருங்கள். வைஃபையில் இணைத்த போன், எலி கடித்த கேபிள், மேசைக்கடியில் யாரோ செருகிவிட்டுப் போன ஐந்து போர்ட் ஸ்விட்ச்: இவை எல்லாம் பைபர் கோளாறு மாதிரியே கேட்கும். ஒரு போனை எடுத்துப்போய் ரவுட்டரில் நேராகச் செருகிப் பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நாங்கள் வெளியே அழைத்தால் போகிறது. எங்களுக்கு வரும் அழைப்பு மட்டும் அடிப்பதே இல்லை, சில சமயம் அடிக்கிறது.

கிளையின் ரவுட்டர், போன் வெளியே பேசும்போது ஒரு துளை திறந்து வைக்கிறது. அந்த வழியாகத்தான் உள்வரும் அழைப்பு வந்தாக வேண்டும். கொஞ்ச நேரம் எதுவும் போகாவிட்டால் ரவுட்டர் அதை மூடிவிடும், யூடிபிக்கு இந்த நேரம் பல ரவுட்டர்களில் 30 விநாடிதான். போன் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் பதிவைப் புதுப்பித்தால் நடுவில் 59 நிமிடம் அது வெளி உலகத்துக்கு இல்லாதது மாதிரிதான். வெளியே அழைத்த கையோடு துளை திறக்கும், அதனால்தான் "சில சமயம் அடிக்கிறது".

துளை மூடாமல் இருக்க அடிக்கடி ஒரு சிறு செய்தி அனுப்பும் கீப் அலைவைப் போனில் ஆன் செய்து 20 அல்லது 25 விநாடி வையுங்கள். பிபிஎக்ஸ் பக்கம், போனை அவ்வப்போது விசாரிக்கும் குவாலிஃபை வையுங்கள். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் ஆரம்பித்தால் இணைப்பு தருபவர் உங்களை இன்னொரு பெரிய முகவரி மாற்றியின் (என்ஏடி) பின்னால் வைத்திருக்கிறார் என்று அர்த்தம், 4ஜி சிம்களில் இது சகஜம். அங்கே போர்ட் திறந்துவிடும் முயற்சியெல்லாம் பலிக்காது, கீப் அலைவ் அல்லது கிளையிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு விபிஎன் (இன்டர்நெட்டுக்குள்ளேயே ஒரு தனிப் பாதை), இந்த இரண்டுதான் வழி.

பைபர் கட் ஆனதும் 4ஜிக்கு மாறிவிடுகிறது, கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஓடுகின்றன, போன் மட்டும் செத்துக் கிடக்கிறது. ஏன்?

மைக்ரோடிக் மாதிரி லினக்ஸ் அடிப்படை ரவுட்டர்களில் இது அடிக்கடி வரும். போனுக்கும் பிபிஎக்ஸுக்கும் நடுவே இருக்கும் 5060 தொடர்பை ரவுட்டர் பழைய பைபர் முகவரியோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது. பாதை 4ஜிக்கு மாறினாலும் அந்த நினைவுப் பதிவு போகாது. பழைய முகவரியிலேயே அனுப்பப் பார்க்கும், எதுவும் திரும்பி வராது. நினைவிலிருந்து அது தானாக மறைய வேண்டும் என்றால் கொஞ்ச நேரம் எதுவும் போகாமல் இருக்க வேண்டும், ஆனால் நாம்தான் கீப் அலைவ் வைத்து 20 விநாடிக்கு ஒருமுறை அதை உயிரோடு வைத்திருக்கிறோமே.

ரவுட்டரில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, இணைப்பு மாறும்போதெல்லாம் 5060க்கான தொடர்புப் பதிவுகளை அழித்துவிடச் சொல்லுங்கள். பைபர் திரும்பி வரும்போதும் இதே வேலை நடக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். அதுவரை கிளையில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியது: போனின் கேபிளை மூன்று நான்கு நிமிடம் கழற்றி வைத்துவிட்டு மாட்டுங்கள். உடனே மாட்டினால் பலிக்காது.

விபிஎன் வழியாக இருக்கும் கிளையில் உள்வரும் அழைப்பு நன்றாக வருகிறது. வெளியே அழைத்தால் ஒன்றுமே நடக்காமல் அமைதியாக இருக்கிறது.

பாக்கெட்டின் அளவைப் பாருங்கள். பயனர்பெயர், கடவுச்சொல் போட்டு இணையும் பிபிபிஓஇ இணைப்பில் ஒரு பாக்கெட் 1492 பைட் வரைதான் போகும், வயர்கார்ட் விபிஎன் அதன் மேல் இயல்பாக 1420க்குக் குறைத்துவிடும். போனில் எட்டு கோடெக் ஆன் செய்திருந்தால் அழைப்பைத் தொடங்கும் இன்வைட் செய்தி நீண்டுவிடும். முதல் இன்வைட் போய்விடும், பிபிஎக்ஸ் 401 என்று கடவுச்சொல் கேட்கும், போன் அதைச் சேர்த்து அனுப்பும் இரண்டாவது இன்வைட் இன்னும் நீளம். அது இரண்டாக உடைந்து, ஒரு துண்டு வழியில் காணாமல் போகும்.

போனில் ஜி.711 ஏ-லாவும் இன்னொன்றும் போதும், மற்றவற்றை எடுத்துவிடுங்கள். அப்படியும் ஆகவில்லை என்றால் எஸ்ஐபியை டிசிபிக்கு மாற்றுங்கள். 1300 பைட்டுக்கு மேல் போனால் டிசிபி போன்ற ஒன்றைப் பயன்படுத்த வேண்டும் என்று ஆர்எஃப்சி 3261 அன்றே சொல்லிவிட்டது, போன் கம்பெனிகள்தான் கண்டுகொள்வதில்லை.

விபிஎன்னில் இன்னொன்று: எல்லாக் கிளையிலும் ரவுட்டர் பெட்டியைப் பிரித்ததும் வரும் 192.168.1 வரிசையையே விட்டிருந்தால் எந்தக் கிளைக்கு அனுப்புவது என்று தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது. புதுக் கிளை திறக்கும் அன்றே தனி வரிசை கொடுத்துவிடுங்கள், பின்னால் மாற்றுவது பெரிய வேலை.

கிளையில் ஒரு பழைய லேண்ட்லைனை கேட்வேயில் இணைத்திருக்கிறோம். பேசி முடித்த பிறகும் லைன் பிஸியாகவே நிற்கிறது.

அழைத்தவர் வைத்துவிட்டார் என்பது கேட்வேக்குத் தெரியவில்லை. லேண்ட்லைனை இணைக்கும் இந்த எஃப்எக்ஸ்ஓ கேட்வே பெட்டிகள் பெரும்பாலும் அமெரிக்க ஒலி அளவுகளோடு வருகின்றன, 480, 620 ஹெர்ட்ஸ் கலந்த பிஸி டோனை எதிர்பார்த்துக் காத்திருக்கும். இந்தியாவில் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், 0.75 விநாடி ஒலித்து 0.75 விநாடி நிற்கும். நெரிசல் ஒலி அதே 400 ஹெர்ட்ஸில் 0.25க்கு 0.25. இந்த எண்களைக் கேட்வேயில் போட்டு, டோன் வைத்துத் துண்டிப்பதை ஆன் செய்யுங்கள். எக்ஸ்சேஞ்ச் போலாரிட்டி ரிவர்சல் (லைனின் மின்முனைகளை மாற்றிக் காட்டும் அடையாளம்) தந்தால் அது இன்னும் நம்பகமானது, கேட்டுப் பாருங்கள். லேண்ட்லைனில் எதிரொலி இருந்தாலும் அதே கேட்வேயில் ஒலி அளவைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அளவை ஏற்றி வைத்ததுதான் காரணமாக இருக்கும்.

லேண்ட்லைன் எண்களுக்குப் போகிறது, கைபேசி எண்களுக்கு மட்டும் போகவில்லை.

2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் லேண்ட்லைனிலிருந்து கைபேசிக்கு அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். பழைய பிபிஎக்ஸிலிருந்து டயல் விதிகளை அப்படியே பிரதி எடுத்த இடங்களில் இது இன்னும் அடிபடுகிறது. வெளிச்செல்லும் விதியில் 6, 7, 8, 9இல் ஆரம்பிக்கும் பத்து இலக்கத்துக்கு 0 தானாகச் சேரும்படி எழுதுங்கள். சில எஸ்ஐபி ட்ரங்க்குகள் +91 வடிவம் கேட்கும், தருபவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வங்கிக்கு அழைத்து "தமிழுக்கு 1ஐ அழுத்தவும்" என்றால், அழுத்தினாலும் எடுப்பதில்லை.

பொத்தான் ஒலியை அனுப்பும் முறை போனில் ஒன்று, பிபிஎக்ஸில் ஒன்று, ட்ரங்க்கில் ஒன்று என்று இருக்கிறது. மூன்றிலும் ஆர்எஃப்சி 4733 வையுங்கள், சில மெனுக்களில் பழைய பெயரான 2833 என்றே இருக்கும். குரலுக்குள்ளேயே ஒலியாக அனுப்பும் முறையோடு ஜி.729ஐச் சேர்க்காதீர்கள், அந்தச் சுருக்கத்தில் ஒலி சிதைந்துவிடும்.

ராத்திரி யாரும் இல்லாத நேரத்தில் போன் தானாக அடிக்கிறது, 100, 1001 என்றெல்லாம் எண் காட்டுகிறது, எடுத்தால் ஆள் இல்லை.

உங்கள் போன் நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து கிடக்கிறது. 5060 போர்ட்டைத் தேடி உலகம் முழுக்க ஸ்கேன் செய்யும் நிரல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, அவை தட்டிப் பார்ப்பதுதான் அந்த மணி. பிபிஎக்ஸுக்குத் தெரியாமல் நேராகப் போனுக்கு வருவதால் அழைப்புப் பதிவில் இருக்காது. போனில் நேரடி ஐபி அழைப்பை ஆஃப் செய்து, தன் சர்வரிடமிருந்து வருவதை மட்டும் ஏற்கும்படி வையுங்கள். கிராண்ட்ஸ்ட்ரீம், யீலிங்க் இரண்டிலும் இதற்கு அமைப்பு இருக்கிறது. ரவுட்டரில் யாராவது போனுக்கு போர்ட் திறந்துவிட்டிருந்தால் மூடுங்கள்.

மணி அடிப்பது வெறும் தொந்தரவு. இதே நிரல்கள் உங்கள் பிபிஎக்ஸைத் தட்டி, எக்ஸ்டென்ஷன் 201க்குக் கடவுச்சொல்லும் 201 என்று கண்டுபிடித்துவிட்டால், சனிக்கிழமை இரவு ஆரம்பித்து திங்கள் காலைக்குள் வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பு போட்டுத் தள்ளிவிடுவார்கள், பில் உங்கள் பெயரில் வரும். நீளமான கடவுச்சொல், தவறான கடவுச்சொல்லோடு தட்டுகிறவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன், 5060ஐக் கிளைகளின் முகவரிகளுக்கு மட்டும் திறப்பது, தேவையில்லாதவர்களுக்கு ஐஎஸ்டி மூடுவது, ட்ரங்க் தருபவரிடமும் ஐஎஸ்டி பூட்டச் சொல்வது: இதையெல்லாம் இன்றைக்கே செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது?

ஐபி போன் லேண்ட்லைன் மாதிரி இல்லை, மின்சாரம் இல்லாமல் ஒன்றும் ஓடாது. போன்களை, நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்சில் இணைத்து, அந்த ஸ்விட்ச், ரவுட்டர், பைபர் மோடம் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் வையுங்கள். பல கிளைகளில் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருக்கும், மோடம் மட்டும் சுவரில் நேராகச் செருகியிருக்கும். மலைப்பகுதிக் கிளைகளில் இடி மின்னலுக்கு எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய லேண்ட்லைன் செப்புக் கம்பி வழியாகவும் மின்னல் பாயும், அதற்கும் தனிப் பாதுகாப்புப் பெட்டி வேண்டும்.

கிளையின் ஐபி போனிலிருந்து 112க்கு அழைத்தால் சரியாகப் போகுமா?

அழைப்பு கோயம்புத்தூர் ட்ரங்க் வழியாகத்தான் வெளியேறும், எண்ணும் கோயம்புத்தூர் எண்தான். வால்பாறையில் தீ என்று நீங்கள் சொல்லாத வரை, மறுமுனையில் இருப்பவருக்கு அது கோயம்புத்தூர் அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பு. அவசரத்துக்குக் கைபேசியைப் பயன்படுத்துங்கள் என்று எல்லோருக்கும் சொல்லி, ஒவ்வொரு போனின் மேலும் கிளையின் முழு முகவரி, அருகிலுள்ள காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், மருத்துவமனை எண்களை எழுதி ஒட்டுங்கள். இதில் அலட்சியம் கூடாது.

இணைப்பு தருபவரிடம் புகார் செய்தால் "எங்க பக்கம் எல்லாம் ஓகே சார்" என்கிறார்கள். எப்படிப் பேசுவது?

"போன் சரியில்லை" என்று சொன்னால் அவர்கள் போன்காரரிடம் போகச் சொல்வார்கள், அது அவர்கள் வேலை இல்லைதான். நீங்கள் கொடுக்க வேண்டியது: எந்தத் தேதி, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, ரவுட்டரிலிருந்து எடுத்த எம்டிஆர் முடிவு, எந்த இடத்துக்கு அப்புறம் இழப்பு தொடங்கி கடைசி வரை தொடர்கிறது என்பது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இழப்பு காட்டி அடுத்ததில் இல்லை என்றால் அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைக் குறைத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் கிளையின் அப்லோடு நிரம்பவில்லை என்பதற்கு ரவுட்டரின் வரைபடத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான். பைபர் என்றால் மோடத்தில் தெரியும் ஒளி அளவையும் குறித்து அனுப்புங்கள். மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே போயிருந்தால் கம்பியில் எங்கோ வளைவோ மோசமான இணைப்போ இருக்கிறது, அதற்கு அவர்கள் ஆள் அனுப்பித்தான் ஆக வேண்டும்.